மண்டபத்துப் படகுகளில் ஓர் இத்தாலிக்காரர்

மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டுதான் வினோத்குமார் மெல்லிய கோட்டைப் போடுகிறார். தடித்த கோட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்போது பேசுவார், முணுமுணுத்துப் பாடுவார், படகின் நிழலில் யாராவது வெற்றிலைச் சாறு துப்பினால் திரும்பித் திட்டவும் செய்வார். மெல்லிய கோடு வந்ததும் வாய் மூடிவிடும். இடது கையைப் பலகையில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்து, பிரஷ்ஷின் நுனி மட்டும் தொடும்படி ஒரே இழுப்பு. கோடு முடிந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர்களும் அவரோடு சேர்ந்து மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இடம், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம் என்ற ஊரின் வடக்குக் கரை. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். பாசி சுரண்டி, இற்றுப்போன பலகையை மாற்றி, பெயிண்ட் அடித்து, ஜூன் நடுவில் தடை முடியும் நாளுக்குத் தயாராக வைக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்ததும் பெயர் எழுத வினோத்குமாரைக் கூப்பிடுவார்கள். உச்சிப்புளியிலிருந்து மொபெட்டில் வருவார். பின்னால் ஏணி, முன்னால் டப்பாக்கள், நடுவில் அவர். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டையின் வலது கை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருக்கும். இடது கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருக்கும். வியர்வை வழிந்து எழுத்தில் விழக் கூடாது என்பதற்காக வலது கை அப்படி. காற்று வேண்டும் என்பதற்காக இடது கை இப்படி.

அவர் எழுதுவது ஆங்கிலத்தில், ஒரே ஒரு வகை எழுத்தில். அதன் பெயர் போடோனி. நிற்கும் கோடு தூண்போலத் தடித்திருக்கும். படுக்கும் கோடு மயிரிழையாக மெலிந்திருக்கும். எழுத்தின் தலையிலும் காலிலும் ஊசிபோல ஒரு சின்னக் கோடு. நடுத்தரமாக எதுவும் கிடையாது. வாசனைத் திரவியப் புட்டிகளிலும் வெளிநாட்டு நாகரிகப் பத்திரிகைகளின் அட்டைகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தில் இதற்குத் துபாய் எழுத்து என்று பெயர். காரணம், வினோத்குமார் அதை வளைகுடாவிலிருந்துதான் கொண்டுவந்தார்.

ஷார்ஜாவில் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனியில் வேலை. கடைகளுக்குப் பித்தளையில் எழுத்து வெட்டி, சுவரில் பதிக்க வேண்டும். முதல் நாள் கையில் கிடைத்ததே இந்த எழுத்துதான். மெல்லிய கோடு வளைந்துவிட்டால் திட்டு விழும். இது என்ன எழுத்து என்று மேற்பார்வையாளரான மலையாளியிடம் கேட்டிருக்கிறார். அவர் போடோனி என்று சொல்லியிருக்கிறார்.

"நான் அதைக் கடைக்காரன் பேருன்னு நெனச்சுட்டேன்யா. அடுத்த வாரம் வேற கடை, அதுவும் போடோனிங்குறாக. அதுக்கடுத்த வாரம் செருப்புக்கடை, அதுவும் போடோனி. யாரோ பெரிய சேட்டு போல, ஊரு பூராம் வாங்கிப் போட்டுருக்கான்னு வருசக்கணக்கா நம்பிக்கிட்டுத் திரிஞ்சேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன், எங்க மொதலாளி போடோனின்னு."

அந்தப் போடோனி கடைக்காரரல்லர், இருநூறு ஆண்டுக்கு முன் இறந்துபோன இத்தாலிய அச்சுக்காரர் என்பது தெரிந்த நாளில் வினோத்குமாருக்கு ஏமாற்றமில்லை, பெருமைதான் கூடியது. இன்றும் அவருடைய கைப்பேசியைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் மனைவியின் முகமல்ல, பிள்ளைகளின் முகமுமல்ல. கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிய, அகன்ற முகமுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். டீக்கடையில் அதைப் பார்த்தவர்கள் பழைய கலெக்டரா என்று கேட்டிருக்கிறார்கள். பாம்பன் பாலம் கட்டிய எஞ்சினியர் என்று ஒருவர் தாமாகவே முடிவு செய்துகொண்டார். வினோத்குமார் யாரையும் திருத்துவதில்லை. "மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

முதலாளியைப் பற்றி அவர் சொல்லும் செய்திகளை அவ்வப்போது குறித்துக்கொண்டு, பிறகு நூலகத்தில் சரிபார்த்தேன். அரண்மனை அச்சகத்தை நடத்தினார் என்பார். சரி, பார்மா நகரத்துக் கோமகனின் அச்சகம் அது. ராஜாவுக்கு மச்சினன் என்பார்; தவறு, சம்பளக்காரர்தான். பிறந்ததும் பார்மாவிலேயே என்பார். தவறு, சலுஸ்ஸோ என்ற ஊர், 1740ஆம் ஆண்டு, அப்பாவும் அச்சுத்தொழில் செய்தவர். நெப்போலியன் வந்து கைகொடுத்தான் என்பார். நெப்போலியன் அவருக்கு உதவித்தொகை அளித்ததற்குப் பதிவு இருக்கிறது, கைகொடுத்ததற்கு எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன வழியில் காய்ச்சல் கண்டு வீட்டோடு நின்றுவிட்டார் என்பார். இதை நான் முதலில் நம்பவில்லை. பார்த்தால், இது முழுக்க உண்மை.

"எனக்கும் அதேதான்யா. ஷார்ஜா முடிஞ்சு ஊருக்கு வந்த பெறகு கத்தாருக்கு விசா வந்துருச்சு. டிக்கெட்டு கையில. மஞ்சக்காமாலை வந்து படுத்துட்டேன். அவுகளுக்குக் காய்ச்சலு, எனக்குக் காமாலை. ரெண்டு பேரும் ஊரோட நின்னுட்டோம்."

ஒப்புமை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்று நான் சொன்னதில்லை.

பிடிவாதங்கள் பல. மண்டபம் ரயிலடிப் பக்கம் இரண்டு டீக்கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நல்ல டீ முதல் கடையில். வினோத்குமார் குடிப்பது இரண்டாவது கடையில். முதல் கடையின் பலகையில் இடம் போதாமல் எழுத்துகளைப் பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறார்கள். "அதைப் பாத்துக்கிட்டே குடிச்சா தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்கிறார். இரண்டாவது கடைக்குப் பலகையே கிடையாது. ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பையில் போடோனி எழுத்தைக் கண்டு மகிழ்ந்து உள்ளே போனவர், அதை அகலவாக்கில் இழுத்திருப்பதைக் கவனித்துவிட்டுக் கல்லாவில் இருந்தவரிடம், "இப்பிடி இழுத்து வச்சிருக்கீகளே" என்று வருத்தப்பட்டிருக்கிறார். "ஒரு தடவ தண்ணியில போட்டா சரியாயிரும் சார்" என்று பதில் வந்திருக்கிறது.

தமிழ் எழுதச் சொன்னால் எழுதுவார். ஆனால் சாதாரணமாக எழுதுவார். ஏன் என்று கேட்டேன். "தமிழு பூராம் வளைவுய்யா. மொதலாளி அதைத் தொடலை. அதுக்குன்னு ஒரு ஆளு இன்னும் பொறக்கணும். அது நான் இல்ல."

மனைவி உமாமகேஸ்வரி உச்சிப்புளியில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கணவர் ஒட்டிய தாள்கள். போடோனி தம் எழுத்து வகைகளையெல்லாம் தொகுத்துக் காட்டிய மாதிரி நூலின் பக்கங்களை இணையத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் நாலு எழுத்து, சுற்றிலும் தாராளமாக வெள்ளை. அளவு எடுக்க வரும் பெண்கள், "இவ்வளவு எடம் சும்மா கெடக்கே" என்பார்களாம். அந்த நூலைப் போடோனி முடிக்கவில்லை. 1813இல் அவர் இறந்த பிறகு, மனைவி மார்கரீத்தாதான் அச்சகத்தை விடாமல் நடத்தி, ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இந்த ஒரு செய்தியில் மட்டும் உமாமகேஸ்வரிக்கு ஆர்வம்.

"இவுக ஆளு பாதியில போயிட்டாரு. அந்தம்மா ஒக்காந்து முடிச்சிருக்கு. பேரு யாருக்கு? அவருக்கு. இந்தாருங்க, எனக்கு அந்த வேலையெல்லாம் ஆகாது. நீங்க எழுதுனதை நீங்களே முடிச்சிட்டுப் போங்க, இப்பவே சொல்லிட்டேன்."

"நான் எங்கடி போறேன்?"

"கடலுக்கு மட்டும் போக மாட்டீக. அது தெரியும்."

இதுதான் வினோத்குமாரின் பெரிய விநோதம். அவர் மிளகாய் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். ஆனால் கணுக்காலுக்கு மேல் அது அவரை நனைத்ததில்லை. மிதக்கும் படகில் எழுத மறுத்துவிடுவார். ஆடுகிற பலகையில் மெல்லிய கோடு நிற்காது என்று காரணம் சொல்வார். உண்மைக் காரணம் உமாமகேஸ்வரி சொன்னது: பாலத்தில் பஸ் போகும்போதுகூட உள்பக்க சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆக, மண்டபத்தில் பாதிப் படகுகளுக்குப் பெயர் எழுதிய இந்த மனிதர், தம் எழுத்தில் ஒன்றைக்கூடக் கடலில் இருந்து பார்த்ததில்லை. கரையேறி நிற்கும் படகின் முன், ஏணியில், ஒரு கை தூரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

இதில் ஒரு தவறு ஒளிந்திருப்பது இந்த ஆண்டு தடைக்காலத்தின் கடைசி வாரம்வரை யாருக்கும் தெரியவில்லை. போன ஆண்டுவரை அவர் பெயர் மட்டும் எழுதுவார். அரசுப் பதிவு எண்ணை எல்லாக் கோடும் ஒரே தடிப்பாக, கட்டை எழுத்தில் எழுத வேறொருவர் இருந்தார். தூரத்திலிருந்து யாரும் பார்ப்பது எண்ணைத்தான். அவர் இந்த ஆண்டு கர்நாடகத் துறைமுகம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டதால், எண்ணும் வினோத்குமாரிடம் வந்தது. "ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு எதுக்கு?" என்று எண்ணையும் போடோனியிலேயே எழுதிவிட்டார். முதலில் எழுதியது அலியாரின் புதுப் படகில்.

அலியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிறவர். பழைய படகு ஒரு புயலில் உடைந்தபின், சொந்தப் படகு வைத்திருந்தவர் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனார். இப்போது கடன் உடன் வாங்கிப் புதுப் படகு கட்டி, அதற்கு ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் பெயரை வைத்திருக்கிறார்: நஸீஹா. தடை முடிந்து கடல் திறக்கும் முதல் நாளில்தான் இறால் அள்ளிக்கொண்டு வரும். அந்த நாளில் தம் படகும் போக வேண்டும். அவருடைய பேச்செல்லாம் அதுதான். கூட வருகிற ஆட்களையும் பேசி வைத்துவிட்டார்.

மீன்வளத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி நஸீஹாவைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பார்த்தார். எஞ்சின் சரி, உயிர்காப்பு மிதவை சரி. பிறகு தாம் வந்த படகில் ஏறிக் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கரைக்கு வந்து, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"நம்பர் எங்க பாய்?"

"அந்தா எழுதிருக்கே சார், நல்லா அழகா."

"பக்கத்துல அழகாத்தான் இருக்கு. அங்கேருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. கடல்ல தெரியாத நம்பர் எனக்கு நம்பரே இல்ல. மாத்திட்டுச் சொல்லுங்க, டோக்கன் தாரேன்."

டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. இலங்கை எல்லை அருகிலேயே இருக்கும் இந்தக் கடலில் ஒரு படகு எந்த ஊர்ப் படகு என்பது தூரத்திலேயே தெரிய வேண்டும். ஏன் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் அலியார் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் செய்தி கரை முழுக்கப் பரவிவிட்டது. வினோத்குமார் எண் எழுதிய மற்றப் படகுக்காரர்களும் கூடிவிட்டார்கள். ராமநாதபுரத்திலிருந்து ஸ்டிக்கர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து, எல்லாவற்றையும் அழித்துக் கட்டை எழுத்து ஒட்டிவிடலாம், பேரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தடை முடிய நாள் அதிகமில்லை.

வினோத்குமார் ஏணியிலிருந்து இறங்காமலே பேசினார். "அவுக கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க. இருநூறு வருசமா ஒலகமே படிக்கிற எழுத்து. மண்டபத்துல மட்டும் தெரியலையாம்."

அலியார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏலே வினோத்து, நீ ஒரு தடவ எங்கூட வந்து அங்கனருந்து பாரு. பாத்துட்டு, தெரியுதுன்னு நீ சொல்லிட்டா, நானே அந்தச் சார்ட்ட போயிச் சண்ட புடிக்கிறேன். எம் மவ மேல சத்தியமா."

"கடலுக்கா?"

"பின்ன, கம்மாய்க்கா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரை ஏணியிலிருந்து இறக்கியது.

நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் அலியார் ஒரு வள்ளத்தை இரவல் வாங்கினார். நானும் ஏறிக்கொண்டேன். வடகடல் அன்று குளம்போலக் கிடந்தது. வினோத்குமார் நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்தாத்தானலே பாக்க முடியும்" என்றார் அலியார்.

"நிப்பாட்டுங்க பாய், தொறக்கிறேன்."

"நிப்பாட்டுனா இன்னும் ஆடும்."

"அப்ப ஓட்டுங்க."

அலியார் வள்ளத்தை வளைத்துத் திருப்பி, கரை எதிரே தெரியும்படி நிறுத்தினார். வினோத்குமார் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. வெயில் நேரே விழுந்திருந்தது. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். தடித்த கோடுகள் எல்லாம் தெரிந்தன. மெல்லியவை ஒன்றுகூடத் தெரியவில்லை. எண்ணில் வரும் TN-இல் T எழுத்தின் மேல்கோடு போய், வெறும் குச்சி நின்றது. N எழுத்தில் குறுக்கே சாயும் கோடுதான் தடிப்பு. இரண்டு பக்கக் கால்களும் மெலிவு. அந்தக் கால்கள் போய், சாய்ந்த கோடு மட்டும் யாரோ சாத்திவைத்த கழிபோல நின்றது. NASEEHA என்று எழுதிய மகளின் பெயரிலோ இரண்டு E, ஒரு H, எல்லாம் குச்சிகள்.

"எம் மவ பேரு எங்கன இருக்கு? முள்ளுக்கம்பி வேலிக்குக் கல்லுக்கால் நட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் அலியார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "போன்ல சொன்னேன் அவள்ட்ட. 'நல்லதுதான் அத்தா, நான் பெயிலானாலும் ஊருக்கு எம் பேரு தெரியாது'ங்குறா."

வினோத்குமார் சிரிக்கவில்லை. "ஒண்ணொண்ணாக் காணாமப் போயிருச்சே பாய்" என்றார். பிறகு விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அது கடலால் வந்ததா, எழுத்தால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை அலியாரும் நானும் உச்சிப்புளிக்குப் போனோம். வினோத்குமார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உமாமகேஸ்வரி மெஷினில் இருந்தார்.

"வாங்க அண்ணே, வாங்கய்யா. நேத்துச் சாயங்காலத்துலருந்து இப்பிடித்தான். யாரு செத்தாகன்னு பக்கத்து வீட்ல கேக்குறாக. கோடு செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

அலியார் அவர் படுத்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "தம்பி, எனக்கு ஒம்மேல வருத்தம் கெடையாது. ஆனா நான் மொத நாளு போயாகணும். நம்பர மட்டும் கட்டையா எழுதிக் குடுத்துரு. பேரு அப்பிடியே இருக்கட்டும்."

"எனக்குக் கட்டை எழுத வராது பாய்."

"எழுதுறவனுக்கு வராதா?"

"வரும். எழுத மாட்டேன். ஸ்டிக்கர்காரனைக் கூப்பிட்டுக்கங்க. நான் இனிமே வரலை."

கோபமாகச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார். அலியார் என்னைப் பார்த்தார். அவருக்குப் படகு போக வேண்டும். ஆனால் இந்த மனிதரை இப்படி விட்டுவிட்டுப் போகவும் கால் எழவில்லை.  மெஷின் சத்தம் நின்றது.

"ஏங்க, இந்தக் கீழ் வரிசைத் தாள்ல மட்டும் கோடு ஏன் தடியா இருக்கு?" என்றார் உமாமகேஸ்வரி.

"அது சின்ன எழுத்து. பெரிசாக்கி அச்செடுத்தது. மூலையில அசல் அளவு இருக்கு பாரு."

"அதான் கேக்குறேன். மேல இருக்குற N பெரிய எழுத்து. அதுல காலு நூலு மாதிரி இருக்கு. இது சின்ன எழுத்தைப் பெரிசாக்குனது, இதுல காலு நல்லா கயிறு மாதிரி இருக்கு. ரெண்டும் உங்க ஆளு செஞ்சதுதான?"

வினோத்குமார் திரும்பிப் படுத்தார். "சின்ன எழுத்துல ரொம்ப மெலிசா வச்சா தாள்ல விழுகாது. அதனால அதுக்குத் தக்கன தடிச்சிருக்காக. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியா வெட்டுவாக அவுக."

"அப்ப அவரே தடிக்கலாம், நீங்க தடிக்கக் கூடாது."

"அது சின்ன எழுத்துக்குடி. படகுல எழுதுறது ஒரு முழ எழுத்து."

"பட்டுக்கு ஒரு நூலு போடுறேன், ஜீன்சுக்கு ஒரு நூலு போடுறேன். தையல் ஒண்ணுதான். சரி, ஒரு முழம்னே வச்சுக்குவோம். நேத்து நீங்க அங்கனருந்து பாத்தப்ப எம்புட்டு இருந்துச்சு?"

வினோத்குமார் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நேற்றைய எழுத்தைப் பிடித்துக் காட்டினார். ஒரு உளுந்து நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியை அப்படியே கலைக்காமல் கொண்டுபோய்க் கீழ் வரிசைத் தாள்களின் மூலையில் அசல் அளவிலேயே இருந்த எழுத்துகளில் ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு வேறொன்றின்மேல்.  அது பொருந்தியது போடோனியின் நூலில் இருப்பதிலேயே மிகச் சின்ன எழுத்தோடுதான்.

"பாய், வள்ளம் இன்னைக்குக் கெடைக்குமா?" என்றார்.

"மொதல்ல சட்டையப் போடுங்க" என்றார் உமாமகேஸ்வரி.

அன்று அவர் நஸீஹாவின் எண்ணை முழுக்க அழித்துவிட்டு, அந்தச் சின்ன எழுத்துகளின் தடிப்பு விகிதப்படி மறுபடி எழுதினார். தூண் தூணாகவே இருந்தது, மயிரிழை கயிறாகியிருந்தது. தலைக்கோடும் கால்கோடும் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தன. பக்கத்தில் நின்று பார்த்தால் முன்பிருந்த நளினம் இல்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். "கிட்ட பாத்தா கொஞ்சம் முரட்டு ஆளாத்தான் தெரியிறாரு." N எழுத்து முடிந்ததும் வள்ளத்தில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து எழுத்தின் இடது காலை ஒரு பிரஷ் அகலம் கூட்டினார். மறுபடி போனார். வழியில் வாந்தி வரும். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். எண் முடிந்தபின் பெயரையும் சும்மா விடவில்லை. அலியார் கேட்கவேயில்லை, அவராகவே அழித்து எழுதினார். மற்றப் படகுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஸ்டிக்கர்காரரை நாளைக்கு வரச் சொன்னவர், கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் போன் பண்ணினார்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். முன்போலவே கடலுக்குள் போய்த் திரும்பி நின்றார். கரையில் அலியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். வினோத்குமார் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து குரல் வந்தது. முன்னெழுத்துகளில் தொடங்கிக் கடைசி எண்வரை, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல, ஒரு இடத்திலும் நிற்காமல் அதிகாரி வாசித்தார். பிறகு, "பேரு நஸீஹாவா?" என்று கேட்டார்.

"ஆமா சார். எம் மவ" என்றார் அலியார்.  "அல்ஹம்துலில்லாஹ்."

அதிகாரி எழுத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. டோக்கனுக்குக் குறித்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் வினோத்குமாரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் படகை இன்றைக்கே மாற்று, எனதை முதலில் மாற்று என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கூட்டத்திலிருந்து நழுவி, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அலியார் சிரித்துக்கொண்டே பின்னால் போய் எஞ்சினைக் கிளப்பினார்.

அதிகாரி நின்ற இடம் வந்ததும் அலியார் வேகத்தைக் குறைத்தார். "போதும்ல தம்பி? இங்கனருந்துதான் படிச்சாரு."

வினோத்குமார் திரும்பவில்லை. ஒரு கை விளிம்பை விடாமல் பிடித்திருந்தது. கண் கரையிலிருந்த எழுத்தை விட்டு அசையவில்லை. மற்றக் கையைப் பின்னால் நீட்டி, இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று விரல்களை அசைத்துக்கொண்டேயிருந்தார்.